அச்சும் அன்றாட வாழ்வும்

காரைக்குடி நகரில் ஒரு வீடு. பொழுது புலர்கிறது. வீட்டின் மூத்தவர் சுவரில் தொங்கும் நாட்காட்டியின் தாளைக் கிழித்து, அன்று என்ன கிழமை, என்ன திதி, இராகு காலம் எப்போது என்று பார்க்கிறார். வாயிலில் நாளிதழ் வந்து விழுகிறது. அதன் மடிப்பினுள் துணிக்கடைத் துண்டறிக்கை ஒன்று இருக்கிறது. பாட்டி மாத்திரை அட்டையைப் பேரனிடம் நீட்டி, அது எந்த மாதம் வரையில் பயன்படும் என்று படிக்கச் சொல்கிறார். பேரன் அதைப் படித்துச் சொல்லிவிட்டுப் பாடநூல்களைப் பையில் வைத்துக்கொண்டு பேருந்தில் ஏறுகிறான். நடத்துநர் பயணச்சீட்டைக் கையில் தருகிறார். மாலையில் உறவினர் இருவர் வந்து, வெற்றிலை பாக்கோடு திருமண அழைப்பிதழைத் தட்டில் வைத்து அழைத்துவிட்டுச் செல்கின்றனர்.

இவ்வாறு காலை முதல் மாலை வரையில் அவ்வீட்டாரின் கைகளில் எத்தனை அச்சிட்ட தாள்கள் வந்து போயின என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. காற்றின் நடுவே வாழ்பவர் காற்றை நினையாதது போல, அச்சின் நடுவே வாழ்பவர் அச்சை நினைப்பதில்லை. அச்சின் பெருமையைக் கூறுக என்றால், மாணவர் பலரும் பெருங்காப்பியங்களையும் அறிவியல் நூல்களையுமே எடுத்துக் காட்டுவர். அவை பெருமைக்கு உரியவையே. எனினும் அச்சு மக்கள் வாழ்வோடு இரண்டறக் கலந்திருப்பது, நாள்தோறும் கைக்கு வந்து நாள்தோறும் கழிந்துபோகும் சிறு தாள்களிலேதான். அச்சிறு தாள்களின் அருமையை உணர்ந்து, அவற்றுள் சிலவற்றையேனும் காப்பது படித்தவர் ஒவ்வொருவரின் கடமையாகும்.

அச்சு இல்லாத காலத்தில் எழுத்து ஓலையில் வாழ்ந்தது. ஒரு நூல் வேண்டுவோர் அதனைப் பிறர் ஏட்டிலிருந்து எழுத்தாணி கொண்டு படியெடுக்க வேண்டும்; அல்லது கூலி கொடுத்து எழுதுவிக்க வேண்டும். படி எடுக்குந்தோறும் பிழைகள் புகுந்தன. ஓலையைச் செல் அரித்தது, பூச்சி துளைத்தது, மீண்டும் எழுதுவார் இல்லாத ஏடுகள் அழிந்தன. ஆதலின் எழுதிவைக்கத் தக்கவை எவை என்பதில் முன்னோர் சிக்கனமாக இருந்தனர். நூல்கள், நிலவுரிமை, கடன், கணக்கு ஆகியவை ஏட்டில் ஏறின. செட்டிநாட்டு நகரத்தார் திருமணத்தின்போது இரு வீட்டாரும் மண உடன்பாட்டை எழுதிக்கொள்ளும் வழக்கமும் உண்டு. அது முன்னாளில் ஓலையில் எழுதப்பட்டது. ஆனால் ஒரு நாடகம் எந்த ஊரில் எந்த இரவு நடைபெற்றது, ஒரு கடையில் சேலை என்ன விலைக்கு விற்றது என்பவற்றை ஓலையில் எழுதிவைப்பார் யார்? சிறு செய்திகள் காற்றோடு போயின.

இந்நிலையை மாற்றியது அச்சு. ஐரோப்பாவில் குட்டன்பர்க் 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தனித்தனி உலோக எழுத்துகளைக் கோத்து அச்சிடும் முறையை வகுத்தார். அதன்பின் ஏறக்குறைய 125 ஆண்டுகளில், 1578ஆம் ஆண்டில், கொல்லத்தில் தமிழ் எழுத்துகளால் ஆகிய ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் சிறுநூல் அச்சாயிற்று. அதன் பக்கங்கள் 16 மட்டுமே. 1713ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் சீகன்பால்கு முதலியோரின் முயற்சியால் தமிழ் அச்சுப்பணி தொடங்கிற்று. திருக்குறள் 1812ஆம் ஆண்டில் அச்சேறியது. 1835ஆம் ஆண்டில் அச்சகம் நடத்துவதற்கு இருந்த கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன. அதன்பின் இந்நாட்டவர் நடத்திய அச்சகங்கள் ஊர்தோறும் பெருகலாயின. 1887ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை ஆராய்ந்து பதிப்பித்தார். அழிவின் வாயிலிருந்த பழைய இலக்கியங்கள் அச்சினால் மீண்டும் உயிர் பெற்றன என்பதை அறியாத தமிழர் இலர்.

பெருநூல்களுக்கு உயிர் கொடுத்த அதே பொறிதான் சிறு செய்திகளுக்கும் உருவம் கொடுத்தது. பழைய அச்சகத்தில் அச்சுக் கோப்பவரின் முன்னே அறை அறையாகப் பகுக்கப்பட்ட மரப்பெட்டி சாய்ந்து நிற்கும். ஒவ்வோர் அறையிலும் ஒவ்வோர் எழுத்து. அவர் கையெழுத்துப் படியைப் பார்த்தவாறே ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோப்பார். அவ்வெழுத்துகள் கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறியிருக்கும். கோத்த பக்கத்தை இறுகக் கட்டி, மை தடவி, ஒரு தாள் அடித்துப் பிழை பார்ப்பர். பிழை நீங்கியபின் பொறி ஓடும். அன்று காலையில் காப்பிய உரையை அச்சிட்ட அதே எழுத்துகளைக் கலைத்து, அன்று மாலையிலே மளிகைக் கடையின் விலைப்பட்டியலைக் கோப்பதும் உண்டு. எழுத்துக்கு உயர்வு தாழ்வு இல்லை. இன்று ஈய எழுத்துகளின் இடத்தைக் கணிப்பொறியும் ஆப்செட் பொறியும் பெற்றுவிட்டன. வேகமும் வண்ணமும் கூடின. ஒரே செய்தியைப் பல்லாயிரம் பேருக்கு வேறுபாடின்றி வழங்கும் அடிப்படைப் பயன் மாறவில்லை.

அப்பயன் எளிதன்று. வாய்ச்சொல் ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் செல்லும்போது கூடும்; குறையும். அச்சிட்ட செய்தியோ செல்வர் வீட்டிலும் கூலியாளர் குடிசையிலும் ஒன்றாகவே நிற்கிறது. மருந்தின் மேல் அதன் விலையும், தொகுதி எண்ணும், பயன்படும் காலமும் அச்சிடப்பட்டிருப்பதால், படிக்கத் தெரிந்த சிறுவனும் தன் பாட்டியைத் தீங்கினின்று காக்க முடிகிறது. பொருளின் உறையில் விலை அச்சாகியிருப்பதால், வாங்குவோர் ஏமாறாமல் கேள்வி கேட்க முடிகிறது. தேர்வு எழுதும் மாணவர் அனைவருக்கும் ஒரே வினாத்தாள் கிடைக்கிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று எவரும் பார்த்துக்கொள்ள இயல்கிறது. நீதியும் நம்பிக்கையும் அன்றாட வாழ்வில் நிலைப்பதற்கு இச்சிறு எழுத்துகள் துணை நிற்கின்றன.

அச்சானது எல்லாம் உண்மை என்று எண்ணுவதும் தவறு. பொய்யையும் அதே பொறி அதே வேகத்தில் பெருக்கும். அதனாலேயே அச்சிடுவோர்க்குப் பொறுப்பு வகுக்கப்பட்டது. 1867ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு நெடுங்காலம் நடைமுறையில் இருந்த சட்டம், அச்சிடும் தாளில் அச்சிட்டவர் பெயரும் இடமும் குறிக்கப்பட வேண்டும் என்றது. தேர்தல் துண்டறிக்கைகளிலும் சுவரொட்டிகளிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் ஆகியோரின் பெயரும் முகவரியும் இருத்தல் வேண்டும் என்பது இன்றும் சட்டம். பழைய துண்டறிக்கையின் அடியில் சிறு எழுத்தில் காணப்படும் அச்சகத்தின் பெயர் வெறும் விளம்பரம் அன்று. சொன்ன சொல்லுக்குப் பொறுப்பேற்கும் கையொப்பம் அது.

செட்டிநாட்டின் பொதுவாழ்வில் அச்சு பெற்ற இடம் பெரிது. நகரத்தார் வணிகத்தின் பொருட்டுப் பர்மா, மலேயா, இலங்கை முதலிய நாடுகளுக்குச் சென்று வாழ்ந்தனர். கடல் இருவேறு கரைகளில் பிரித்துவைத்த குடும்பங்களையும் ஊர்களையும் இணைப்பதற்கு அச்சிட்ட இதழ்கள் உதவின. 1920களில் காரைக்குடியிலிருந்து ராய. சொக்கலிங்கத்தின் ‘ஊழியன்’, சொ. முருகப்பாவின் ‘குமரன்’ ஆகிய இதழ்கள் வெளிவந்தன. சமூகச் சீர்திருத்தமும் நாட்டுப்பற்றும் இலக்கியமும் அவற்றின் வாயிலாக வீடுகளுக்குள் நுழைந்தன. கோட்டையூரில் பிறந்த ஏ. கே. செட்டியார் பர்மாவில் ‘தனவணிகன்’ இதழின் ஆசிரியராக இருந்தார். பின்னர் ‘குமரி மலர்’ நடத்தி, பழைய இதழ்களில் மறைந்துகிடந்த அரிய செய்திகளை மீண்டும் அச்சேற்றினார்.

அச்சின் ஆற்றலை விளக்கக் காரைக்குடியிலேயே மற்றொரு சான்று உண்டு. 1919ஆம் ஆண்டில் சுப்பிரமணிய பாரதியார் இந்நகருக்கு வந்தார். இந்து மதாபிமான சங்கத்தாரோடு அவர் இருக்கும் நிழற்படம் ஒன்று அப்போது எடுக்கப்பட்டது. பாரதியாரின் நிழற்படங்களாக இன்று கிடைப்பவை மிகச் சிலவே. எடுத்த அன்று அது சங்கத்தார் சிலர் வைத்துக்கொள்ளும் நினைவுப் பொருளாகவே இருந்திருக்கும். அதனைக் காத்தவர் இருந்தனர். பின்னர் அச்சு அதனைப் பெருக்கிற்று. காத்தலும் பெருக்கலும் சேர்ந்த இடத்தில் ஒரு கவிஞரின் முகம் அவரைக் கண்டறியாத தலைமுறைகளுக்கும் தெரிந்த முகமாயிற்று.

பெருக்குவது பொறியின் வேலை. காப்பது மனிதரின் வேலை. இவ்வுண்மையைத் தம் வாழ்வினால் விளக்கியவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. காரைக்குடிக்கு அண்மையில் உள்ளது கோட்டையூர். முத்தையா பெரும்பட்டம் பெற்ற அறிஞர் அல்லர். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். பழைய அச்சுப் பொருள்களைத் திரட்டுவதில் அவருக்கு ஏற்பட்ட ஆர்வம் வாழ்நாள் பணியாக வளர்ந்தது. இலக்கண இலக்கிய நூல்களை மட்டும் அவர் தேடவில்லை. கதைப் புத்தகங்கள், மருத்துவக் குறிப்புகள், சமையல் நூல்கள், நாடக நோட்டீசுகள், திரைப்படப் பாட்டுப் புத்தகங்கள், வார மாத இதழ்கள், திருமண அழைப்பிதழ்கள் என மற்றவர் கழித்தவற்றையும் அவர் சேர்த்தார். பழைய தாள் வாங்குவோரின் எடைத்தட்டுக்குப் போகவேண்டியவை அவருடைய வீட்டின் அடுக்குகளுக்கு வந்தன.

1992ஆம் ஆண்டில் முத்தையா மறைந்தார். ஒருவர் தனியே திரட்டிய செல்வம், அவர் மறைந்தபின் சிதறிப்போவது உலக வழக்கம். இத்தொகுப்புக்கும் அந்நிலை நேர்ந்திருக்கலாம். அமெரிக்க நாட்டுச் சிகாகோ பல்கலைக்கழகம் முன்வந்து அத்தொகுப்பைப் பெற்று, அதனைத் தமிழ்நாட்டிலேயே வைத்துக் காக்க வழிசெய்தது. 1994ஆம் ஆண்டில் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. ஏறத்தாழ 1,00,000 அச்சுப் பொருள்களைக் கொண்ட கோட்டையூர்த் தொகுப்பே அதற்கு அடித்தளம். இன்று தமிழரின் இசை, நாடகம், மருத்துவம், பெண்கல்வி, அரசியல் முதலியவற்றை ஆராய விரும்புவோர் உலகின் பல பகுதிகளிலிருந்தும் அங்கு வருகின்றனர். ஒரு பெயர்ப்பலகை ஓவியர் குப்பை என்று கருதாமல் எடுத்து வைத்த தாள்கள், அறிஞர்களின் மேசைகளில் சான்றுகளாக விரிகின்றன.

ஒரு பழைய அழைப்பிதழ் அப்படி என்ன சொல்லிவிடும் என்று சிலர் ஐயுறலாம். மணநாளும் மணமக்கள் பெயரும் மட்டுமா அதில் உள்ளன? அழைப்பவரின் பெயருக்கு முன்னே நிற்கும் தலைப்பெழுத்துகள் குடும்பத்தின் வழியைச் சொல்லும். இரங்கூன், பினாங்கு, கொழும்பு என்னும் ஊர்ப்பெயர்கள் அக்குடும்பம் எங்கெங்கே தொழில் செய்தது என்று காட்டும். ‘விவாக சுபமுகூர்த்தப் பத்திரிகை’ என்னும் தலைப்பு ‘திருமண அழைப்பிதழ்’ என்று மாறியிருப்பது, மொழியைப் பற்றிய மக்கள் எண்ணம் மாறியதைச் சொல்லும். மணமகளின் படிப்பு குறிக்கப்பட்டிருக்கிறதா, தாயாரின் பெயர் அழைப்போர் வரிசையில் இடம்பெற்றிருக்கிறதா என்று பார்த்தால், பெண்களின் நிலை உயர்ந்த வரலாறு படிப்படியாகப் புலப்படும். எழுத்தின் வடிவமும் காலத்தைக் காட்டும். ணை, லை, னை என்பவற்றில் ஐகாரக் குறி முற்காலத்தில் யானையின் துதிக்கை போல வளைந்து எழுத்தின்மேல் ஏறி நிற்கும். 1978ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபின் அவ்வடிவம் மெல்ல மறைந்தது. ஆண்டு குறிக்கப்படாத தாளையும் இவ்வடையாளங்களால் ஓரளவு காலங்கணிக்கலாம்.

பெருநூல்களைக் காப்பதற்கு வழி உண்டு. 1954ஆம் ஆண்டின் சட்டப்படி, நாட்டில் வெளியாகும் நூல்களின் படிகளைக் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னைக் கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட வேறு சில நூலகங்களுக்கும் வெளியிடுவோர் அனுப்புதல் வேண்டும். துண்டறிக்கைக்கும் அழைப்பிதழுக்கும் பயணச்சீட்டுக்கும் அத்தகைய காப்பிடம் யாது? ஒரு வீட்டின் அலமாரியும், ஓர் ஊரின் நூலகமும், ஒரு பள்ளியின் பெட்டியுமே அவற்றுக்குக் கதி. அங்கும் இடம் கிடையாவிடில் அவை என்றைக்குமாக மறையும்.

செட்டிநாட்டில் இதற்கு அவசரமும் உண்டு. தலைமுறைகள் வெளியூர்களில் குடியேறிவிட்டன. பெரிய வீடுகள் பல ஆண்டின் பெரும்பகுதியும் பூட்டிக்கிடக்கின்றன. சில வீடுகள் இடிக்கப்படுகின்றன. அப்போது தேக்குத் தூணுக்கும் செதுக்கிய கதவுக்கும் விலை பேச ஆள் வருகின்றனர். காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் அவை இடம்பெறுகின்றன. ஆனால் பெட்டகத்தின் அடியில் கிடக்கும் பழைய கடிதங்களையும் அழைப்பிதழ்களையும் விலைப்பட்டியல்களையும் கேட்பார் இல்லை. தூண் வீட்டின் வலிமையைச் சொல்லும். தாள் அவ்வீட்டில் வாழ்ந்தோரின் வாழ்வைச் சொல்லும். தூணைக் காத்துத் தாளைத் தீயிலிடுவது அறிவுடைமை ஆகுமா?

கைப்பேசி வந்துவிட்ட காலத்தில் தாளைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை என்று கேட்பாரும் உளர். கைப்பேசியின் நன்மையை மறுத்தற்கில்லை. அழைப்பிதழ் நொடியில் கடல் கடந்து செல்கிறது, செலவும் குறைகிறது, மரமும் மிஞ்சுகிறது. எனினும் கருவி பழுதானாலும், கடவுச்சொல் மறந்தாலும், வேறு கருவி வாங்கினாலும், அச்செய்தி பலருக்கு இல்லாமற் போகிறது. பெட்டியில் மறந்துபோன தாள் 50 ஆண்டு கழித்தும் கண்ணுக்கு முன்னே படிக்கக் கிடைக்கிறது; மறந்துபோன மின்செய்தி அவ்வாறு கிடைப்பது அரிது. ஆதலின் கைப்பேசி வந்ததனால் காக்கும் கடமை குறையவில்லை, கூடியிருக்கிறது.

எல்லாத் தாள்களையும் காத்தல் இயலாது, வேண்டியதும் இல்லை. வீடு குப்பைமேடாகி விடும். தெரிந்தெடுத்தலே அறிவு. ஒரு குடும்பம் ஆண்டுக்குச் சில தாள்களை ஒதுக்கினால் போதும்: வீட்டுத் திருமண அழைப்பிதழ் ஒன்று, ஊர்த் திருவிழா அறிக்கை ஒன்று, பள்ளி ஆண்டுவிழா அழைப்பு ஒன்று, ஒரு கடைப் பட்டியல், ஒரு பயணச்சீட்டு. மலிவான தாளில் உள்ள அமிலம் நாளடைவில் அதனை மஞ்சளாக்கி நொறுங்கச் செய்யும். வெயிலும் ஈரமும் அவ்வழிவை விரைவுபடுத்தும். ஆதலின் தாளை மடிக்காமல் உறையில் இட்டு, ஈரமும் செல்லும் அணுகாத இடத்தில் வைத்தல் வேண்டும். ஒட்டும் நாடாவை அதன்மேல் ஒட்டலாகாது, பசை கறையாகிவிடும். பின்புறத்தில் மென்மையான பென்சிலால் நாளையும் ஊரையும் குறித்துவைத்தல் நன்று. இரும்பு ஊக்குகள் துருப்பிடிக்கும், அவற்றை நீக்கிவிடுக. இவற்றுக்குப் பணம் வேண்டா, பொறுமையே வேண்டும்.

இப்பணிக்கு மாணவரே ஏற்றவர். தாத்தாவின் பெட்டியில் உள்ள பழைய அறிக்கையை எடுத்து, அதில் உள்ளவர் யார், அவ்வூர் எங்குள்ளது என்று கேட்டால், முதியோர் மகிழ்ச்சியோடு விடை சொல்வர். அந்த விடையையும் எழுதித் தாளோடு வைத்தால், அச்சு சொல்லாததை நினைவு சொல்லும். நினைவு மறந்ததை அச்சு நினைவூட்டும். பள்ளிகள் தம் ஊரின் சிறு தாள்களைத் திரட்டி ஒரு பெட்டியில் வைத்தால், சில ஆண்டுகளில் அதுவே ஊர் வரலாற்றின் கருவூலமாகும்.

அரசர்களின் வரலாற்றைக் கல்வெட்டும் செப்பேடும் காத்தன. புலவர்களின் பெருமையை ஓலை காத்தது. சேலை வாங்கியவர், நாடகம் பார்த்தவர், பேருந்தில் சென்றவர், பிள்ளைக்கு மணம் முடித்தவர் ஆகிய எளிய மக்களின் வாழ்வு அச்சிட்ட சிறு தாள்களிலேதான் முதன்முறையாக எழுத்தில் ஏறியது. அத்தாளைக் கசக்கி எறியுமுன் ஒருகணம் நின்று படித்துப் பார்ப்பது நன்று. கோட்டையூரில் ஒருவர் அவ்வாறு நின்று பார்த்தார்; நாட்டுக்கு ஒரு நூலகம் கிடைத்தது.